இயல் 6: வெயிலிலும் விடாத குளிர்

ஏற்காட்டில் நின்றுகொண்டு "குளிருது" என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவு. மார்கழி, தை இரவுகளில் 12, 13 டிகிரி வரை இறங்கும் ஊர். ஸ்வெட்டரை மாட்டு, சூடாக ஒரு காப்பி குடி என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படிப் பேச்சு முடிந்துபோனவர்களுக்காகத்தான் இந்த இயல். உச்சிவெயிலில் பக்கத்தில் இருப்பவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்க, இவர்களுக்கு மட்டும் கையும் காலும் சில்லிட்டிருக்கும், பல் கிட்டியிருக்கும், இரண்டு கம்பளி போர்த்தியும் நடுக்கம் அடங்காது.

சேர்வராயன் மலையில் அப்படிப்பட்டவர்கள் இருக்கக் காரணம் உண்டு. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பேருந்து ஒன்று கொண்டை ஊசி வளைவில் தடுப்புச்சுவரை உடைத்துக்கொண்டு கவிழ்ந்தது. உயிர்கள் போயின, பலர் காயமடைந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கொட்டித் தீர்த்தபோது இதே மலைப்பாதையில் மண் சரிந்தது. போக்குவரத்தைக் குப்பனூர் வழியே திருப்பிவிட்டார்கள். இவை செய்தித்தாளில் வந்தவை. இருட்டில் காட்டெருமை துரத்தியது, எஸ்டேட்டில் மரம் முறிந்து பக்கத்தில் விழுந்தது, நாலு சுவருக்குள் நடந்த அடி உதை என்று செய்தியாகாதவை எவ்வளவோ. தப்பி வந்தவருக்குக் காயம் ஆறிவிடும். ஆனால் மாதங்கள் கழித்தும், ஒரு பிரேக் சத்தத்துக்கு, தகரக் கூரையில் விழும் மழைக்கு, விரல் நுனி பனிக்கட்டியாகிவிடும். வீட்டார் காய்ச்சல் பார்ப்பார்கள். காய்ச்சல் இருக்காது.

ஒன்றை முதலிலேயே உறுதியாகச் சொல்கிறேன். அந்தக் குளிர் நிஜம். கற்பனையும் நடிப்பும் இல்லை. பலவீனத்தின் அடையாளமும் இல்லை. தொட்டுப் பார்த்தால் தெரியும், அளந்து பார்த்தாலும் தெரியும்.

உடம்பில் நடப்பது

ஆபத்து என்று மூளை முடிவுகட்டிய நொடியில் அட்ரினலினும் நார்அட்ரினலினும் ரத்தத்தில் ஏறுகின்றன. தோலுக்கு, அதிலும் விரல்களுக்கும் பாதங்களுக்கும் ரத்தம் கொண்டுபோகும் சிறு நாளங்கள் சுருங்குகின்றன. தண்ணீர் குறைந்த காலத்தில் கடைமடையை அடைத்துவிட்டு நிற்கிற பயிருக்குப் பாய்ச்சுவதுபோல, உடம்பு ரத்தத்தை இதயத்துக்கும் பெருந்தசைகளுக்கும் திருப்பிவிடுகிறது. ஓடவோ எதிர்க்கவோ அது தயாராகிறது. அந்த நேரத்தில் விரலைத் தொட்டால் சில்லென்று இருக்கும். வெப்பமானியை நாக்கடியில் வைத்தாலோ வழக்கமான 98.6 பாரன்ஹீட்டை ஒட்டியே காட்டும். உள்ளே சூடு குறையவில்லை. ஓரங்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

கூடவே உள்ளங்கையும் உள்ளங்காலும் வியர்க்கின்றன. மலைக்காற்று அந்த ஈரத்தை உலர்த்தும்போது தோல் இன்னும் குளிர்கிறது. தசைகள் முறுக்கேறி நடுங்குகின்றன. மூச்சு மேலோட்டமாக, வேகமாக ஓடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மேல் குறைந்து, விரலும் உதடும் மரமரத்துத் தலை சுற்றுகிறது. "ஏதோ ஆகப்போகிறது" என்ற பயம் அப்போது வரும். அந்தப் பயம் இன்னொரு சுற்று அட்ரினலினைக் கொண்டுவரும்.

சம்பவம் முடிந்து வெகுநாள் ஆன பிறகும் இது ஏன் வருகிறது? உயிருக்கு வந்த ஆபத்தை மூளை லேசில் மறப்பதில்லை. அன்றைக்கு இருந்த சத்தம், வாடை, வெளிச்சம் எல்லாவற்றையும் எச்சரிக்கையாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. டீசல் புகையோ ஈரமண் வாடையோ மூக்கில் ஏறியதும், நாம் யோசிப்பதற்கு முன்பே உடம்பு தயாராகிவிடுகிறது. மலையில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. விபத்தன்றோ மண்சரிவன்றோ நனைந்த துணியோடு, பனிமூட்டத்தில், உதவி வரும்வரை உட்கார்ந்திருந்தவருக்குக் குளிரே அந்த நினைவின் ஒரு பகுதி. பிறகு பனி இறங்கும்போதெல்லாம் தோலில் படும் குளிர் எச்சரிக்கை மணியை அடிக்கிறது. மணி அடித்ததும் நாளங்கள் சுருங்கிக் குளிர் கூடுகிறது. சமவெளியில் இருப்பவருக்கு இந்தச் சுழல் அரிதாக வரும். நமக்கு ஒவ்வொரு மாலையும் வரலாம். அதனால்தான் மனத்தைத் தேற்றுவதற்கு முன் உடம்பைச் சூடாக்கு என்று இந்த நூலில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நம்மவர்கள் மனத்துன்பத்தை உடம்பின் வழியாகவே சொல்லிப் பழகியவர்கள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தம்மிடம் வந்தவர்கள் தலைவலி, நெஞ்சுநோவு, உடல் உளைவு என்றே தங்கள் இழப்பைக் கொண்டுவந்ததை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். 1998இல் வெளிவந்த அவருடைய 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்ற நூல் ஈழத்தமிழரின் மனவடுவைப் பற்றியது. 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்லத் தயங்குகிற ஆண்கூட 'குளிருது' என்று சொல்லிவிடுவார். கேட்பவர் அதைக் காதில் வாங்கவேண்டும்.

எந்தக் குளிர் என்று எப்படித் தெரியும்?

பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். அவரும் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் அது மலையின் குளிர், போர்வை போதும். அவர் சட்டைக்கையை மடித்துவிட்டு நிற்க உங்களுக்கு மட்டும் நடுங்கினால், அது எப்போது தொடங்கியது என்று யோசியுங்கள். மலையின் குளிர் மெல்ல ஏறும். அச்சத்தின் குளிர் சட்டென்று வரும். பெரும்பாலும் உள்ளங்கை ஈரமாக இருக்கும், நெஞ்சு படபடக்கும், வயிற்றைப் பிசையும், உடனே எழுந்து போய்விட வேண்டும் என்றிருக்கும். சற்று முன் என்ன கேட்டது, என்ன தெரிந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால் ஏதாவது ஒன்று சிக்கும். ஒரு சிறிய நோட்டில் நேரம், இடம், அதற்கு முன் நடந்தது என்று மூன்று சொல் எழுதிவைத்தால், இரண்டு வாரத்தில் உங்கள் குளிரின் வழித்தடம் தெரிந்துவிடும். மருத்துவரிடம் காட்டவும் அது உதவும்.

இரண்டும் கலந்து வருவதும் உண்டு. மழையில் நனைந்து நிற்பவருக்குப் பேச்சு குழறினாலோ, தள்ளாடினாலோ, நடுக்கம் நின்று மயக்கம் போல வந்தாலோ ஆராய்ச்சிக்கு நேரமில்லை. உடலின் உள்வெப்பம் உண்மையிலேயே இறங்குகிறது. நனைந்த துணியை மாற்றி, போர்த்தி, 108ஐ அழையுங்கள்.

முதல் பத்து நிமிடம்

நடுக்கம் தொடங்கியதும் அதை அடக்க முயலவேண்டாம். தசை நடுங்கினால் சூடு பிறக்கும். உடம்பு தன் வேலையைச் செய்கிறது. ஈரமான சட்டையையும் காலுறையையும் மாற்றுங்கள். பருத்தித்துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வியர்வையில் நனைந்த பனியனே பாதிக் குளிருக்குக் காரணமாக இருக்கும். கழுத்து, வயிறு, பாதம் மூன்றையும் முதலில் மூடுங்கள்.

அடுத்து ஓர் எவர்சில்வர் டம்ளர் நிறைய வெந்நீர். டம்ளரை முந்தானையிலோ துண்டிலோ சுற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்; குடிக்க அவசரம் வேண்டாம். விரல் மரத்திருக்கும்போது சூடு தெரியாது, கை வெந்துபோகும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது இன்னும் ஆபத்து. எனவே வேறொருவரோ நீங்களோ முழங்கையின் உட்புறத்தில் டம்ளரை வைத்துப் பார்த்துவிட்டுப் பிடியுங்கள். முதலில் உள்ளங்கையின் நடுவில் சூடு தெரியும். பிறகு கட்டைவிரல் அடியில். விரல் நுனிக்குக் கடைசியாகத்தான் வரும். சுண்டுவிரலில் லேசாக ஊசி குத்துவதுபோல இருந்தால் ரத்தம் திரும்புகிறது என்று பொருள். சூடு எங்கே வந்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கவனம் பயத்தை விட்டு விரலுக்கு வர இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்லி அறிவுரை கூறுவார்கள். ஏற்கெனவே வேகமாக மூச்சு வாங்குகிறவர் இன்னும் இழுத்தால் மரமரப்பு கூடும். இழுப்பது இயல்பாக இருக்கட்டும், விடுவதை நீட்டுங்கள். சூடான பானத்தை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து, டம்ளரிலிருந்து எழும் ஆவி கலையும்படி மெதுவாக ஊதுங்கள். நிமிடத்துக்கு ஆறேழு மூச்சு என்று குறைந்தால் போதும்.

பிறகு எழுந்து நில்லுங்கள். இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றி, சுவரைத் தள்ளுவதுபோலப் பத்து எண்ணும்வரை அழுத்துங்கள், விடுங்கள், மறுபடி. குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ஓடத் தயாரான தசைக்கு ஒரு வேலை கிடைக்கிறது, கூடவே சூடும்.

பதற்றத்துக்குக் கையில் ஐஸ்கட்டியைப் பிடி, முகத்தில் குளிர்ந்த நீரை அடி என்ற யோசனை இப்போது எங்கும் சொல்லப்படுகிறது. சிலருக்கு அது பலன் தரும். குளிரே அச்சத்தின் வடிவமாக வருகிறவருக்கு, அதுவும் மலையில், அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதற்குப் பதில் சட்டைப்பையில் நாலு மிளகு வைத்திருங்கள். இங்கே சில்வர் ஓக் மரத்துக்கு மரம் மிளகுக்கொடி படர்ந்திருக்கிறது, தட்டுப்பாடே இல்லை. ஒன்றைக் கடித்தால் நாக்கு உங்களை இந்த இடத்துக்கு, இந்த நேரத்துக்கு இழுத்துவிடும். ஆரஞ்சுத் தோலைக் கிள்ளி முகர்வதும் அப்படித்தான். முகர்ந்தபடி இன்றைய தேதியையும், இருக்கும் இடத்தையும், கண்ணுக்குத் தெரியும் மூன்று பொருளையும் சொல்லுங்கள்.

காப்பி, கரியடுப்பு, மது

இந்த மலையில் காப்பி பயிராகத் தொடங்கி இருநூறு ஆண்டு ஆகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர். காப்பியைக் குறைக்கச் சொல்வது இங்கே யாருக்கும் பிடிக்காது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். டம்ளரின் சூடு இதம் தரும். உள்ளே இருக்கும் காஃபின் இதயத்தை வேகப்படுத்திப் பதற்றத்தைக் கூட்டும். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். காலையில் ஒன்று போதும். மதியத்துக்கு மேல் சுக்கு மல்லிக் காப்பி, அதுவும் காப்பித்தூள் சேர்க்காமல். அல்லது மிளகு ரசம், சூடான கஞ்சி. பசியோடு இருப்பவருக்குக் குளிர் அதிகம் தெரியும் என்பதால் கஞ்சிதான் என் முதல் தேர்வு.

மது சூடேற்றும் என்ற நம்பிக்கை மலையில் வேரூன்றியது. அது தோலின் நாளங்களை விரிப்பதால் சூடாகத் தோன்றும். உண்மையில் உள்வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும். நடுநிசியில் தூக்கத்தையும் கெடுக்கும். அதிர்ச்சியை மறக்கக் குடிக்கத் தொடங்கியவர்கள் இரண்டு நோயோடு வருகிறார்கள்.

கரியடுப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். கதவு சன்னலை அடைத்துக்கொண்டு கணப்பு வைத்துத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. 2024இல் கொடைக்கானலில் கரியடுப்பின் புகை சூழ்ந்த அறையில் உறங்கிய இளைஞர்கள் விழிக்கவே இல்லை. ரப்பர் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இரவு

கெட்ட கனவு கண்டு நனைந்து விழிப்பவர்கள் படுக்கும்போதே தலைமாட்டில் ஓர் உலர்ந்த பனியன், துண்டு, பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள். விழித்ததும் விளக்கைப் போடுங்கள், துணி மாற்றுங்கள், இரண்டு வாய் வெந்நீர் குடியுங்கள், அதன் பிறகு யோசியுங்கள். இருட்டில், ஈரத் துணியில் படுத்தபடி யோசிப்பதில் எந்தப் பயனும் இல்லை.

பக்கத்தில் இருப்பவருக்கு

"ஒண்ணுமில்ல, சும்மா பயப்படாதே" என்பது ஆறுதலாகத் தோன்றும். கேட்பவருக்கு 'உன்னை நம்பவில்லை' என்று விழும். "கை இப்படிச் சில்லுன்னு இருக்கே கண்ணு, இந்தா, இதைப் பிடிச்சுக்க. நான் இங்கேயேதான் இருக்கேன்" போதும். கட்டியணைக்கும் முன், "அக்கா, கையைப் பிடிச்சுக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வன்முறைக்கு ஆளானவருக்குக் கேட்காமல் படும் கை, அது அன்பான கையாகவே இருந்தாலும், குளிரை மறுபடி கிளப்பிவிடும். என்ன நடந்தது என்று தோண்டித் துருவவேண்டாம். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப்போய் விபூதி பூசுவதையோ பயந்த கோளாறுக்கு மந்திரிப்பதையோ நான் தடுக்கமாட்டேன். நம்பிக்கை உள்ளவருக்கு அந்தக் கை நெற்றியில் படுவதே இதம். ஊரே கூடி நிற்பதும் இதம். அடிப்பது, புகை போடுவது, பட்டினி போடுவது என்று போனால் மட்டும் குறுக்கே நில்லுங்கள். விபூதியோடு மருத்துவமும் நடக்கட்டும்.

மறுபடி பேருந்தில்

மலையில் இருப்பவர் பேருந்தைத் தவிர்த்து வாழ முடியாது. கலெக்டர் ஆபீஸ், பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி எல்லாம் கீழே. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். ஒரே நாளில் இருபது வளைவையும் தாண்டியே தீருவேன் என்று வீம்பாக ஏறினாலும் திரும்பிப் பார்க்க முடியாதபடி அடி விழும். நடுவழி ஒன்று உண்டு. முதலில் பேருந்து நிலையத்தில் நிற்கும் வண்டியில் ஏறிக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு இறங்குங்கள். குளிர் வரும், மேலே சொன்னவற்றைச் செய்யுங்கள், அது தணிந்த பிறகே இறங்குங்கள். தணியும்வரை இருப்பதுதான் இதில் முக்கியம். அடுத்த முறை தெரிந்தவரின் வண்டியில் ஒன்றிரண்டு வளைவு. பிறகு 60 அடி பாலம் வரை. அதன் பிறகு அடிவாரம். கூட ஒருவர் இருக்கட்டும். முன்பக்கம், சாலை தெரியும்படி உட்காருங்கள். பின்னிருக்கையில் வளைவு முன்கூட்டியே தெரியாததால் ஒவ்வொன்றும் திடுக்கிட வைக்கும். சன்னல் கம்பி சில்லென்று இருக்கும், கையுறையோ துண்டோ எடுத்துப் போங்கள். பனிமூட்டமும் மழையும் உள்ள நாளில் பயிற்சி வேண்டாம்.

இதை மனநல ஆலோசகரின் துணையோடு செய்வதே நல்லது. நடந்ததைக் கண்முன் கொண்டுவந்து மயக்கம் வரும் அளவுக்குத் துன்பப்படுகிறவர்கள் தனியே முயலவே கூடாது.

மருத்துவரிடம் எப்போது?

எல்லாவற்றையும் பயத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. ரத்தசோகை இருந்தாலும் குளிரும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குளிரும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவருக்குக் குளிர்ந்த வியர்வையும் நடுக்கமும் வந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம்; உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நெஞ்சை அழுத்தும் வலியோடு குளிர்ந்த வியர்வை வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம், 108. படபடப்புக்காகக் கொடுக்கப்படும் புரோபிரனலால் போன்ற மாத்திரைகளே சிலருக்குக் கை கால்களைச் சில்லிட வைக்கும். நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் இந்தக் குளிரைப் பற்றிச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் மட்டும் பார்த்து அனுப்பிவிடாதீர்கள்.

அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் நடுக்கமும் தூக்கமின்மையும் இயல்பு. பெரும்பாலோருக்கு மெல்லத் தணிந்துவிடும். அந்த நாட்களில் தூக்கமாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அதிர்ச்சியை அடுத்த முதல் மாதத்தில் அதன் அறிகுறிகளுக்கு டயஸிபாம் வகை மருந்துகளைத் தரவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே வழிகாட்டியிருக்கிறது. ஒரு மாதம் தாண்டியும் குளிர் அடிக்கடி வந்தால், வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாமல் ஆனால், மனநல மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. மனவடுவுக்கென்றே பேச்சுவழிச் சிகிச்சைகள் இருக்கின்றன. கண் அசைவோடு நினைவைக் கையாளும் முறையும் இருக்கிறது. இரண்டும் பலன் தருபவை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. கீழே இறங்குவதே பயமாக இருப்பவர் முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனையில் பேசலாம்.

அதற்கும் கால் எழவில்லையென்றால் போன் இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். 'உயிரோடு இருந்து என்ன' என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காமல் அழையுங்கள். தமிழ்நாட்டின் 104உம் உதவும். வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கு 181, குழந்தைகளுக்கு 1098. மேல்கிராமங்களில் டவர் எங்கே கிடைக்கும் என்பது ஊருக்குத் தெரியும். அந்த இடத்துக்குக் கூட ஒருவரை அழைத்துப் போங்கள். அடுத்த இயலுக்குப் போகும் முன் 14416ஐக் கைபேசியில் பதிந்துவிடுங்கள். கைபேசி பார்க்கத் தெரியாத பாட்டி வீட்டில் இருந்தால், அடுப்படிச் சுவரில் கரியால் பெரிதாக எழுதிவையுங்கள்.